உச்சிப்படிப்பு நேரத்து லாரி

சென்ற மாதம் நாம் தோழிகள் ஏழு பேரும் வேன் பிடித்துத் திற்பரப்பு அருவிக்குப் போனோமே, அந்தப் பயணத்தில் நான் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். குலசேகரம் தாண்டி, ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே சாலை சரிந்து இறங்கிய இடத்தில் நமக்குப் பின்னால் ஒரு பெரிய லாரி வந்தது. பாறைப்பொடி ஏற்றியிருந்தது. சக்கரங்களை எண்ணத் தொடங்கிப் பத்துக்கு மேல் விட்டுவிட்டேன். அது இறக்கத்தில் கால் வைத்ததும், தகரக் கூரைமேல் யாரோ கூடை கூடையாகச் சரளையைக் கொட்டுவதுபோல் ஒரு சத்தம் எழுந்தது. நீங்கள் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டீர்கள். கருங்கல் ஊரிலிருந்து வந்திருந்தவள் மட்டும் பொத்திய காதோடு கத்தினாள்:

"எளவு, இவனுக்கெல்லாம் யாருட்டி லைசென்ஸ் குடுத்தது? ரோட்டுல மனுசங்க போறது தெரியாண்டாமா?"

நாம் சிரித்தோம். பிறகு அவள் என்னைப் பார்த்தாள்.

"ஏட்டி, நீ மட்டும் காதப் பொத்தாம இருக்கியே, ஒனக்குச் செவி அடைச்சுப் போச்சா?"

வாய் திறப்பதற்குள் அருவி வந்துவிட்டது. அதன்பின் வழுக்குப் பாறையில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்குவதிலேயே நம் கவனம் முழுவதும் போயிற்று. அந்தக் கேள்விக்கான பதிலை இப்போது எழுதுகிறேன். சற்று நீளும். நமக்கெல்லாம் இனி அவசரம் என்ன இருக்கிறது?

முதலில் அந்தச் சத்தம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். பேரப்பிள்ளைகளின் சைக்கிள் பம்பு வீட்டில் கிடந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். நுனித் துளையைப் பெருவிரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அழுத்திப் பாருங்கள். கடைசி ஓரங்குலத்துக்கு உடம்பின் பாரம் முழுவதும் தேவைப்படும். கையைத் தளர்த்தியதும் கைப்பிடி தானாக எழும்பி வரும்; உள்ளே நசுங்கிய காற்று உங்கள் உழைப்பைத் திருப்பித் தந்துவிடுகிறது. இன்னொரு முறை அழுத்துங்கள். கைப்பிடி அடியைத் தொடும் நேரத்தில் பெருவிரலை எடுத்துவிடுங்கள். புஸ்ஸென்று காற்று வெளியேறிவிடும். கைப்பிடி கிடந்த இடத்திலேயே கிடக்கும். உங்கள் உழைப்பு திரும்பி வராது.

டீசல் எஞ்சினுக்குள் அப்படிப்பட்ட பம்புகள் ஆறு, வரிசையாக நிற்கின்றன. இறக்கத்தில் ஓட்டுநர் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் உள்ளே டீசல் போவது நின்றுவிடும். அதுவரை எஞ்சின் சக்கரங்களைச் சுற்றியது. இப்போது சக்கரங்கள் கியர் வழியாக எஞ்சினைச் சுற்ற வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு பிஸ்டனும் மேலேறிக் காற்றை நசுக்கும்போது, அந்த வேலைக்கான பலத்தை வண்டியின் வேகம்தான் கொடுத்தாக வேண்டும். அதனால் வேகம் குறைகிறது. ஆனால் விரலை எடுக்காத பம்பைப்போல, நசுங்கிய காற்று மறுபடி விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளி, வாங்கியதில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடும். இந்தக் காலத்துப் பெரிய வண்டிகளில் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். பிஸ்டன் உச்சிக்கு வந்துசேரும் தறுவாயில் புகை வெளியேறும் வால்வு சற்றே திறக்கிறது. பெருவிரலை எடுப்பது இதுதான். நசுங்கிய காற்று பிஸ்டனைத் தள்ளுவதற்கு முன்பே குழாய் வழியாக வெடித்து வெளியே ஓடுகிறது. நாம் கேட்ட படபடப்பு அந்த வெடிப்புகளின் வரிசை. வண்டியின் வேகம் சத்தமாகவும் சூடாகவும் மாறி அப்படித்தான் வெளியேறுகிறது. பிரேக்குகள் குளிர்ந்தபடியே, உண்மையான அவசரத்துக்காகக் காத்திருக்கின்றன.

கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்த காலத்தில், எவரும் இரவல் கேட்காத ஒரு தடித்த புத்தகத்திலிருந்து இதைத் தெரிந்துகொண்டேன். புரிந்துகொள்ள மூன்று மதிய இடைவேளைகள் பிடித்தன. மூன்றாம் நாள் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலேயே வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

என் அப்பா லாரி ஓட்டினார் என்பது உங்களில் சிலருக்குத் தெரியும். பால் வற்றிப்போன ரப்பர் மரங்களை மலைத் தோட்டங்களில் வெட்டித் தடியாக்குவார்கள். அவற்றைச் சங்கிலியால் பிணைத்துக் கீழேயிருந்த மர அறுப்பு மில்லுக்குக் கொண்டுவருவது அவர் வேலை. அவருடைய வண்டியில் நான் மேலே சொன்ன வால்வு ஏற்பாடெல்லாம் கிடையாது. கியர் ஒன்றுதான் துணை. அந்தச் சரிவில் ஏறுவதற்கு எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே இரண்டாம் கியரில்தான் சுமையோடு இறங்குவார். கியர் சிறிதாக இருந்தால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் எஞ்சின் பல சுற்றுகள் சுற்றியாக வேண்டும். அத்தனை முறை காற்றை நசுக்க வேண்டும். அதனால் வண்டி நடந்து வரும் மாட்டைப்போல் மெதுவாக இறங்கும். எஞ்சினோ தொண்டை கிழிய அலறும்.

எங்கள் வீடு அந்தச் சரிவின் நடுவில் இருந்தது. மேலே ஒரு வளைவு. வீட்டின் அருகே நடு வளைவு. அதற்குப் பிறகு நேராக விழும் நீண்ட இறக்கம். அதன் அடியில், சாலையை ஒட்டி, நிழல் தாங்கல். அய்யாவைத் தெய்வமாகக் கொண்ட அய்யாவழிக் குடும்பங்கள் கூடி வழிபடும் சிறிய ஓட்டுக் கட்டடம் அது. உள்ளே நிலைக்கண்ணாடியும் விளக்கும், முற்றத்தில் காவிக்கொடியும் இருக்கும். அம்மாவின் குடும்பம் அங்கே பணிவிடை செய்து வந்தது. அம்மாவின் அண்ணன், அதாவது என் மாமன், நெற்றியில் வெள்ளை நாமமும் தலையில் தலைப்பாகையுமாக நின்று மதியத்தில் உச்சிப்படிப்பை, அய்யாவின் பாட்டுகளை உரக்கப் படிக்கும் வழிபாட்டை, நடத்துவார். ஒலிபெருக்கி இல்லாத காலம். அவர் குரல் அது இல்லாமலே நடு வளைவுவரை ஏறி வரும்.

படிப்பு நடக்கும்போது அந்தச் சரிவே வாயை மூடிக்கொள்ளும். மீன்காரர் கூவுவதை நிறுத்திவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவார். லாரிகளும் ஜீப்புகளும் நடு வளைவில் எஞ்சினை அணைத்து, கியரை விலக்கி, ஓசையின்றி உருண்டு தாங்கலைக் கடந்துவிடும். அப்படிச் செய்யவேண்டும் என்று எவரும் எழுதி வைக்கவில்லை. அது மரியாதை. சில மிடறு டீசல் மிச்சமாகும் என்பது ஓட்டுநர்கள் வெளியே சொல்லாத இன்னொரு காரணம்.

அப்பா அணைக்கமாட்டார். வெறும் வண்டியாக இருந்தால் சரி. சுமை இருந்தால், மாமனின் குரல்மேல் எஞ்சினை அலறவிட்டபடிதான் தாங்கலைக் கடப்பார்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த அந்தக் கோடையில், தாங்கலில் திருவிழாக் கொடி ஏறுவதற்கு இரண்டு நாள் முன்பு மாமன் எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மாப்ள, ஊரு முழுக்க உருட்டிக்கிட்டுப் போவு. உமக்கு மட்டும் என்னவாக்கும்?"

"லோடு இருக்கப்ப எஞ்சின விட முடியாது, மச்சான்."

"மத்தவன் வண்டிக்கெல்லாம் பிரேக்கு இல்லியா?"

"இருக்கு. எத்தன மிதிக்கு இருக்கும்ணுதான் தெரியாது."

"தர்க்கம் பேசாண்டாம். வீட்டோட வந்த மாப்பிளைக்கு அய்யா மேல பயம் கெடையாதுண்ணு பறயுகானுவ. கேட்டுக்கிட்டு நான் எப்பிடித் தலப்பா கெட்டுவேன்?"

"பயம் இருக்கதுனாலதான் மச்சான் சத்தம் போட்டு எறங்குகேன்."

அப்பா கிழக்கே நெல்வயல் ஊரில் பிறந்தவர். திருமணத்துக்குப் பிறகு மலையோரத்துக்கு வந்தவர். பேச்சு அவருக்கு எப்போதும் ஒரு வாக்கியம் குறைவாகவே வரும். அடுத்த வாக்கியத்தை அன்று சொல்லியிருந்தால் மாமனுக்குப் புரிந்திருக்கலாம். அவர் சொல்லவில்லை. மாமன் அதை ஏளனம் என்று எடுத்துக்கொண்டார்.

"இது என் பங்கு வீடு. கொடி ஏறுன பெறவு, படிப்பு நேரத்துல ஒரு நாள் அந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் நீங்க இங்க இருக்காண்டாம். தங்கச்சிண்ணு பாக்க மாட்டேன்."

அம்மா அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். கையில் பாதி அரிந்த அயனிச் சக்கை, எங்கள் பக்கத்துக் காட்டுப்பலா. பிசின் ஒட்டிய விரல்களோடு முன்னே வந்து, "கேக்காது அண்ணா. நான் பொறுப்பு," என்றாள். அவர் போனபிறகு அப்பாவிடம், "ஒரு பதினோரு நாளு. எனக்காக அணைச்சாத்தான் என்னவாம்? கௌரவம் கொறஞ்சு போவுமோ?" என்று கேட்டாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு நகத்துக்கடியில் இருந்த கிரீஸைச் சுரண்டினார். அம்மா அதை வீம்பு என்று நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் அவர் ஒரு வழி கண்டார். கொடி ஏறிய நாளிலிருந்து, மதியச் சுமையோடு வரும்போது மேல் வளைவுக்கு முன்னால், ஒரு பலாமரத்தடியில் வண்டியை நிறுத்திவிடுவார். படிப்பு முடியும் நேரம்வரை அங்கேயே காத்திருந்து பிறகு இறங்குவார். அதனால் நாளுக்கு ஒரு நடை குறைந்தது. லாரி முதலாளி திட்டியதாக அம்மா பக்கத்து வீட்டில் சொல்லக் கேட்டேன். ஆறு நாள் அப்படிப் போயிற்று. வீடு நிம்மதியாக இருந்தது.

என் நிம்மதிக்குக் காரணம் வேறு. அந்த ஆண்டு திருவிழாவில் எனக்கு ஒரு பதவி கிடைத்திருந்தது. வண்டிக்காரர்களுக்குக் கீழே படிப்பு நடக்கிறதா என்று தெரியவேண்டுமல்லவா? அதற்காகப் பெண்பிள்ளைகள் மூன்று பேரை நடு வளைவில் நிறுத்தினார்கள். பழைய கொடியில் கிழித்த காவித்துணி ஒன்றை மூங்கில் குச்சியில் கட்டி என்னிடம் கொடுத்திருந்தார்கள். படிப்பு நடக்கும்போது துணியை உயர்த்திப் பிடிக்கவேண்டும். முடிந்ததும் தாங்கலில் மணி அடிப்பார்கள், துணியை மடக்கவேண்டும். நான் துணியை உயர்த்தினால் மீசை வைத்த பெரிய ஆட்கள் எஞ்சினை அணைத்தார்கள். வகுப்பில் கரும்பலகையைத் துடைக்கும் உரிமைகூடக் கிடைக்காதவள் நான். அந்தத் துணியின் மணம் இன்னும் நினைவிருக்கிறது: வெயில், திரியெண்ணெய், மழையில் ஒருமுறை நனைந்து காய்ந்த பருத்தி.

ஏழாம் நாள் படிப்பு தாமதமாகத் தொடங்கியது. மதியக் கஞ்சித் தர்மத்துக்குப் பயறும் பூசணியும் வாங்க மாமன் கருங்கல் சந்தைக்குப் போயிருந்தார். திரும்பி வர பஸ் கிடைக்கவில்லை. அவர் வந்து, குளித்து, தலைப்பாகை கட்டி முடிக்க வெயில் சாய்ந்து, தூறலும் தொடங்கிவிட்டது. பலாமரத்தடியில் இருந்த அப்பாவுக்கு இது தெரியாது. தாங்கல் மணியும் அவ்வளவு தூரம் எட்டாது. அவர் நேரத்தைக் கணக்கிட்டு, படிப்பு முடிந்திருக்கும் என்று நினைத்துப் புறப்பட்டிருக்கிறார்.

மேல் வளைவில் அந்த அலறல் கேட்டது.

"ஏட்டி, அது ஒங்க அப்பா வண்டிதானே?" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

"துணிய மடக்கிரு மக்கா. ஒன் அப்பாக்கு மட்டும் வேற சட்டம்," என்று மற்றவள் சிரித்தாள்.

நான் அருகிலிருந்த கல்லின்மேல் ஏறி நின்று துணியைத் தலைக்குமேல் உயர்த்தினேன். கீழே மாமனின் குரல் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு சத்தம் கேட்டாலும் வீடு இல்லை என்பது என் காதில் விழுந்த பேச்சு. லாரி வளைவில் முகம் காட்டியது. தூறல் பட்ட கண்ணாடிக்குள் அப்பா என்னைப் பார்த்தார். ஆகாது என்பதுபோல் மெல்லத் தலையசைத்தார். நான் துணியை இறக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இன்னும் வேகமாக வீசினேன். அழுதுகொண்டிருந்தேன் என்பது அந்தப் பெண்கள் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எஞ்சின் ஒருமுறை உதறிவிட்டு நின்றுபோயிற்று.

கியர் விலகிய லாரி ஓசையில்லாமல் என்னைக் கடந்து போனது. ஈரத் தடிகளின் புளித்த பால் வாடை என்மேல் வீசியது. நான் வென்றுவிட்டேன். மூச்சு மூன்று முறை வந்து போகும்வரை அந்த மகிழ்ச்சி இருந்தது.

பிறகு சங்கிலிகளின் ஓசை மாறியது. அதுவரை விட்டுவிட்டுக் கேட்ட கிணுகிணுப்பு, இடைவெளியே இல்லாத ஒரே சிணுங்கலாயிற்று. டயர்கள் ஈரச் சாலையில் சீறின. நேர் இறக்கத்தில் லாரி தன் போக்கில் விழுந்துகொண்டிருந்தது. அடியில், திருவிழாவுக்காகச் சாலையோரம்வரை நீட்டிப் போட்ட ஓலைப் பந்தல். பந்தலின் முகப்பில் கஞ்சி அண்டா. அண்டாவின் பக்கத்தில் மாமி, மாமனின் மனைவி, கரண்டியோடு குனிந்து நின்றிருந்தாள். உள்ளே ஊர் முழுவதும் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது. ஓசை இல்லாததால் எவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தக் காலத்து லாரியில் பிரேக்கை மிதிக்கக் காலுக்கு உதவியாக இருப்பது, எஞ்சின் ஓடும்போது உண்டாகும் காற்று உறிஞ்சல். எஞ்சின் நின்றபின் இரண்டு, மூன்று மிதிக்குத்தான் அந்த உதவி மிஞ்சும். நான்காவது மிதியில் பெடல் கல்லாகிவிடும். அப்பா மாமனிடம் சொல்லாமல் விட்ட அடுத்த வாக்கியம் அதுதான். முடி கருகுவதுபோன்ற பிரேக்கின் தீய்ந்த வாடை நடு வளைவுவரை வந்தது. என்னால் கத்த முடியவில்லை. துணி இன்னும் என் தலைக்குமேல்தான் இருந்தது.

அப்போது பல்லோடு பல் அறைபடும் ஒரு கொடூரமான கரகரப்பு கேட்டது. அது நீண்டது. நின்றது. மறுபடி நீண்டது. அதன்பின் எஞ்சின் பெரிதாக இருமி அலறியது.

உருளும் வேகத்தில் சின்னக் கியர் விழாது. ஆகையால் அவர் முதலில் நான்காம் கியரைத் திணித்து, கிளட்சை விட்டு, சக்கரங்களைக் கொண்டே எஞ்சினைச் சுற்றி எழுப்பியிருக்கிறார். பிறகு ஒரு நொடி அமைதி. அடுத்த அலறல் முன்னதைவிட உச்சத்தில்: மூன்றாம் கியர். மறுபடி அந்த அமைதி. அந்த இரண்டு அமைதிகளும் எவ்வளவு நீளமாக இருந்தன என்று உங்களுக்கு எப்படிச் சொல்வேன்? இரண்டாம் கியரில் மூன்றாவது அலறல் எழுந்தபோது லாரியின் முகம் முன்னே குனிந்தது. பின்னால் யாரோ கயிறு கட்டி இழுத்ததுபோல் அதன் வேகம் அறுந்தது. பந்தலுக்குள் எல்லோரும் எழுந்து ஓடுவதைப் பார்த்தேன். மாமி ஓடவில்லை. கரண்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். லாரி அண்டாவுக்கு இரண்டு பாய் நீளம் முன்னால் நின்றது.

நான் எப்படி இறங்கி ஓடினேன் என்பது நினைவில் இல்லை. போய்ச் சேர்ந்தபோது அப்பா கீழே இறங்கியிருந்தார். சக்கரத்துக்கு அடை வைக்கும் பலாமரக் கட்டையை முன்சக்கரத்தின் கீழே செருகிக்கொண்டிருந்தார். செருகி முடித்ததும் அந்த ஈரச் சாலையிலேயே உட்கார்ந்துவிட்டார். தாங்கலுக்குள்ளிருந்து மாமன் வந்தார். தலைப்பாகை ஒரு காதின்மேல் சரிந்திருந்தது.

"படிப்பு நேரத்துல..." என்று தொடங்கினார்.

"நீங்க சும்ம கெடங்க," என்றாள் மாமி. ஊருக்கு முன்னால் அவள் அவரை அப்படி அதட்டியதை அதற்கு முன் எவரும் கேட்டதில்லை. "சத்தம் இல்லாம கிட்ட வந்த பெறவுதான் நான் தலையத் தூக்கிப் பாத்தேன். உசிரு போயாச்சுண்ணு நெனச்சேன். சத்தம் வந்த பெறவுதான் கையில கரண்டி இருக்கதே எனக்குத் தெரிஞ்சு."

பின்னாலிருந்து ஒரு பெரியவர், "அப்ப கஞ்சி உண்டுமா, இல்லியாட்டி?" என்று கேட்டார். யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தபடியே கீழே உட்கார்ந்தாள்.

மாமன் சிரிக்கவில்லை. லாரியைச் சுற்றி நடந்தார். பின்சக்கரத்தின் உள்ளே, பிரேக் இருக்கும் இரும்புக் குடத்தருகே கையைக் கொண்டுபோனார். தொடுவதற்கு முன்பே வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"தீயாட்டுல்லா இருக்கு."

"ஆமா மச்சான்."

"இது பிடிக்கலியா?"

"ரெண்டு மிதி பிடிச்சு. பெறவு இல்ல."

"அப்ப வண்டியப் பிடிச்சு நிறுத்துனது அந்தச் சத்தமா?"

"எஞ்சின் பிடிச்சா சத்தம் வரும், மச்சான்."

மாமன் விரல்களை மறுகையால் தேய்த்துக்கொண்டார். வாதத்தில் நுழையாத ஒன்று அவருக்குள் கை வழியாக நுழைந்துகொண்டிருந்தது. "நீரு அணைக்கவே மாட்டீரே. இண்ணைக்கு ஏன் அணைச்சீரு?" என்று கடைசியில் கேட்டார்.

நான் துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டிருந்தேன். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை.

"கை பட்டு அணைஞ்சு போச்சு," என்றார்.

மாமன் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய், நிறுத்திய வரியிலிருந்து படிப்பைத் தொடர்ந்தார். குரல் இரண்டு இடத்தில் தடுமாறிற்று. பிறகு கஞ்சி பரிமாறினார்கள். அப்பா அடைகட்டையின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, மாமி ஊற்றிய கஞ்சியை மூன்று முறை வாங்கிக் குடித்தார். தீய்ந்த பிரேக் வாடையும் பயற்றுக் கறியின் மணமும் கலந்த அந்தக் காற்றை நினைத்தால், இன்றும் எனக்கு முதலில் வருவது பசிதான்.

சுமையை மில்லில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது என்னையும் முன்னால் ஏற்றிக்கொண்டார். வெறும் வண்டி, ஏற்றம். எஞ்சின் சாந்தமாக முனகியது. நான் அழுதுவிட்டேன்.

"நான்தான் அப்பா. நான்தான் துணி வீசினேன்."

"படிப்பு நடந்துதா, இல்லியா?"

"நடந்துது."

"பெறவு என்ன? நீ உள்ளதைத்தானே சொன்ன. அணைச்சது என் கையி." கியரை மாற்றிவிட்டு, வழக்கத்துக்கு மாறாக அடுத்த வாக்கியத்தையும் சொன்னார். "வேற ஆராவது வீசியிருந்தா அணைச்சிருக்க மாட்டேன். அது ஒன் தப்பு இல்ல மக்களே. இனி நீ வீசுனாலும் அணைக்க மாட்டேன், கேட்டியா?"

அந்த வயதில் அதைவிடப் பெரிய ஆறுதலை எவரும் எனக்குத் தந்ததில்லை. அவர் இனி என் பேச்சைக் கேட்கமாட்டார். ஆகவே என்னால் அவருக்கு எதுவும் நேர்ந்துவிடாது.

மறுநாள் காலை மாமன் வந்தார். வீட்டைப் பற்றிப் பேசவே இல்லை. அவர் என்னைத்தான் கூப்பிட்டார். "ஏட்டி, துணி எங்க?" அதைப் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் நான் முந்தைய நாளே போட்டிருந்தேன். "தொலஞ்சு போச்சு," என்றேன். அவர் தோளில் கிடந்த துண்டைக் கிழித்து ஒரு பாதியை என்னிடம் கொடுத்தார். "இனி ரோட்டப் பாத்து வீசாண்டாம். லோடு வண்டி எறங்குகப்ப கீழ எங்களப் பாத்து வீசு. நாங்க நிறுத்திக்கிடுகோம். அய்யாவுக்கு அவசரம் ஒண்ணும் இல்ல."

அப்படியே நடந்தது. நான் வீசுவேன், தாங்கலில் மாமன் கையை உயர்த்துவார், படிப்பு ஒரு வரியின் நடுவிலேயே நிற்கும். இறங்கும் வண்டியின் அலறலைத் தலைப்பாகை கட்டிய அத்தனை பேரும் அசையாமல் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அது தேய்ந்து மறைந்ததும், விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார்கள். திருவிழா முடிந்தபின்னும் அந்த வழக்கம் நீடித்தது. சுமையோடு வரும் மற்ற ஓட்டுநர்களும், முதலில் தயங்கி, பிறகு பழகி, எஞ்சினை அணைக்காமலே இறங்கினார்கள். அம்மா அண்ணனிடமோ அப்பாவிடமோ அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதாக எனக்கு நினைவில்லை. ஆனால் அன்றுமுதல் மேல் வளைவில் அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் உலையில் அரிசி போடுவாள். வண்டி மில்லுக்குப் போய்த் திரும்புவதற்குள் சோறு வெந்துவிடும் என்பாள். காரணம் சோறு வேகும் நேரம் மட்டும்தானா என்று நான் கேட்டதில்லை.

அந்தப் பலாமரக் கட்டை அப்பா ஓய்வு பெற்றபின் எங்கள் அடுக்களையில் உட்காரும் பலகையாக வெகுநாள் கிடந்தது. அம்மா அதில் உட்கார்ந்துதான் சக்கை அரிவாள். வீடு மாறியபோது எங்கோ தவறிவிட்டது. நடு வளைவை நேராக்கிச் சாலையை அகலப்படுத்தியதில் நான் ஏறி நின்ற கல்லும் போயிற்று.

நம் வேனுக்குப் பின்னால் அந்த லாரி வந்தபோது நான் காதைப் பொத்தாததற்குக் காரணம் இவ்வளவுதான். நீங்கள் சத்தத்தைக் கேட்டீர்கள். நான் அதற்குள் இருக்கும் பிடியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆறு உருளைகளில் காற்று நசுங்கி வெளியேறுவதை, ஒவ்வொரு வெடிப்பிலும் சற்றுச் சற்றாக ஒரு மலைச் சுமை அடங்குவதை, யாரோ ஒருவருடைய வீட்டில் உலை கொதிக்கத் தொடங்குவதை. நம் வேன் ஒதுங்கி வழிவிட, அது நம்மைக் கடந்து போனபோது நான் ஓட்டுநரின் முகத்தைப் பார்த்தேன். வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

அடுத்த மாதம் மறுபடி போகலாம் என்று பேசிக்கொண்டீர்கள். அதே இறக்கத்தில் மறுபடி ஒரு வண்டி அலறிக்கொண்டு வந்தால், பேச்சைச் சற்று நிறுத்திக்கொள்வோம். அது இறங்கி முடியட்டும். விட்ட சொல்லிலிருந்து பேசிக்கொள்ளலாம்.